மூக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மனத்திருப்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மூக்கு ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சு சரியாக வராததால் வருகிறார்கள். விபத்தில் மூக்கு உடைந்து வருகிறவர்களும் உண்டு. மூக்கின் உருவத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டு வரும் இளவயதினரும் இப்போது உண்டு. காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் என்னை அதிகம் வருத்தும் பேச்சு ஒன்றுதான்: "ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னுதான் சொன்னாங்க, ஆனா எனக்கு அதே மாதிரிதாங்க இருக்குது." கத்தி பட்ட இடத்தில் தவறு நடந்து இப்படி ஆவது குறைவு. நோயாளி எதை எதிர்பார்த்தார், ஆபரேஷனால் எது முடியும் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசாததால் ஆவதுதான் அதிகம். ஓபியில் பேச நேரம் கிடைக்காத விஷயங்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மூக்குத் தண்டு வளைவுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் உண்மையிலேயே திருப்தியாக இருக்கிறார்களா?

சரியான ஆளுக்குச் செய்தால், ஆம். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 378 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு மூக்குத் தண்டை, அதாவது இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் நிற்கும் சுவரை, நேராக்கும் ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீரும். 6 மாதம் கழித்து இரு பிரிவினரிடமும் 22 கேள்விகள் கேட்டார்கள். மொத்தம் 110 மதிப்பெண். மதிப்பெண் குறையக் குறையத் தொல்லை குறைவு என்று பொருள். ஆபரேஷன் ஆனவர்களின் சராசரி 19.9. மருந்து மட்டும் எடுத்தவர்களின் சராசரி 39.5. 2023இல் இது வெளியானது. அதற்கு முன் 2019இல் நெதர்லாந்தில் 203 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதே பக்கம்தான் நின்றது.

இந்த எண்களைப் பார்த்ததும் "அப்போ எனக்கும் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட வேண்டாம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் தண்டு வளைவாலேயே மூச்சு அடைபட்டவர்கள் என்று மருத்துவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். நம் ஊரில் அந்தத் தேர்வைச் சரியாகச் செய்வதுதான் பாதி வேலை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் தண்டு வளைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் நிற்கும் தண்டு முழுக்க நேராக இருப்பவர்கள் மிகக் குறைவு. தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில், பல்லுக்கு எடுத்த ஸ்கேனில், விபத்துக்கு எடுத்த ஸ்கேனில் என்று எதிலும் அந்த வரி வந்துவிடும். வளைவு இருந்து, அதனால் தொல்லையும் இருந்தால் மட்டுமே அது நோய். ஆபரேஷன் உங்களுக்குத்தானே தவிர ரிப்போர்ட்டுக்கு இல்லை. "மூக்குல எலும்பு வளர்ந்திருக்குது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் பயந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன். எலும்பு அப்படிப் புதிதாக வளர்வதில்லை. பிறவியிலேயே, அல்லது சின்ன வயதில் விழுந்ததில் வளைந்த தண்டு அது.

எனக்கு எதனால் அடைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகிற நோயாளிகளிடம் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்வியில்தான். முதலில், எந்தப் பக்கம் அடைக்கிறது என்பதை ஒரு வாரம் கவனியுங்கள். இரவும் பகலும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, பல வருடமாக அப்படித்தான் என்றால் தண்டு வளைவின் மேல் சந்தேகம் வலுக்கும். காலையில் இடது, மாலையில் வலது, படுத்தால் கீழ்ப்பக்கம் என்று மாறிக்கொண்டே இருந்தால் உள்ளே பக்கச் சுவரில் இருக்கும் சதை வீங்கி வீங்கி வடிகிறது என்று பொருள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதை வீங்கி மறுபக்கம் வடிவது எல்லா மனிதருக்கும் இயல்பு. ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அது மிகையாகி, அடைப்பாகத் தெரிகிறது.

அடுத்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விடும் சொட்டு மருந்து. விட்ட நிமிடமே மூக்கு திறக்கும், அதுதான் ஆபத்து. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். இவற்றை 5 நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி விடத் தோன்றும். வருடக்கணக்கில் சட்டைப்பையில் அந்தப் பாட்டிலோடு நடப்பவர்கள் உண்டு. வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதை நிறுத்தாமல் தண்டை மட்டும் நேராக்கினால் அடைப்பு போகாது, பழி ஆபரேஷன் மேல் விழும்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சோதனை. மூக்கு அடைக்கும் பக்கத்துக் கன்னத்தில் விரலை வைத்து, காதுப் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்து மூச்சை இழுங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போகிறது என்றால் மூக்கின் வெளிச்சுவர் பலவீனமாகி உள்ளே ஒடுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அதற்கு வேறு வகை ஆபரேஷன் வேண்டும். தண்டை மட்டும் சரிசெய்தால் போதாது. வீட்டில் செய்யும் இந்தச் சோதனை முடிவான தீர்ப்பு இல்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல்.

ஒரு பக்கம் மட்டும் அடைத்து, அதே பக்கம் ரத்தமோ நாற்றமோ வந்தால் ஒரு வாரம் கவனித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு தும்மலும் நீர் வடிதலும் நின்றுவிடுமா?

நிற்காது. இதை ஆபரேஷனுக்கு முன்பே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தும்மல், அரிப்பு, நீர் கொட்டுதல், கண் அரிப்பு எல்லாம் ஒவ்வாமையின் அடையாளங்கள். தண்டை நேராக்குவது காற்று போகும் பாதையை அகலமாக்கும். தூசியைக் கண்டால் சிலிர்த்துக்கொள்ளும் தோலை அது மாற்றாது.

நம் மாவட்டங்களில் தூசிக்குக் குறைவில்லை. கிரானைட் குவாரி, கல் அறுக்கும் பட்டறை, செங்கல் சூளை, மாசி பங்குனியில் வீட்டு வாசலிலேயே புளி தட்டி ஓடு எடுக்கும் வேலை, மழைக்குப் பிறகு தரிசெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும் பார்த்தீனியம். பார்த்தீனியத்தின் மகரந்தம் மூக்கில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது பெங்களூரில் நடந்த ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். இப்படி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை முறையாக 4 முதல் 6 வாரம் அடித்துப் பார்த்து, அதிலும் மூச்சு திறக்காவிட்டால்தான் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "ஸ்ப்ரே கேக்கல" என்பது கணக்கில் வராது. அடிக்கும்போது நுனி நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை என்று பிடித்தால் தானாக அந்தக் கோணம் வந்துவிடும். ஆபரேஷன் ஆனாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்த ஸ்ப்ரே தொடரும். இது தெரிந்து ஆபரேஷனுக்குப் போனவர் பிறகு தும்மும்போது ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

தலைவலி? குறட்டை?

தலைவலிக்காக மட்டும் மூக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம். "சைனஸ் தலைவலி" என்று சொல்லி வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி. வெளிச்சம் கூசும், குமட்டும், மணிக்கணக்கில் படுத்துவிட வைக்கும் வலி என்றால் அதற்கான மருத்துவம் வேறு.

குறட்டை கொஞ்சம் குறையலாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகுவது எல்லாம் தொண்டையிலும் நாக்கின் அடியிலும் பாதை மூடுவதால் வருவது. தண்டு ஆபரேஷன் மட்டும் அதைத் தீர்ப்பது அரிது. லாரி ஓட்டுகிறவர்கள் இதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே குணமாகியிருக்கிறதா என்று நானே அளக்க முடியுமா?

முடியும். ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொருவரும் இதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2004இல் அமெரிக்காவில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது, ஐந்தே கேள்வி. கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்து அடைத்த மாதிரி இருந்ததா? மூக்கு முழுக்க அடைபட்டதா? மூக்கால் மூச்சு விடச் சிரமமாக இருந்ததா? தூக்கம் கெட்டதா? நடக்கும்போது, வேலை செய்யும்போது மூக்கால் போதிய காற்று கிடைக்காமல் போனதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுங்கள். தொல்லையே இல்லை என்றால் 0, தாங்க முடியவில்லை என்றால் 4. கூட்டி 5ஆல் பெருக்கினால் 100க்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆறு மாதத்தில் மனிதருக்குப் பழைய தொல்லை மறந்துவிடும். 80லிருந்து 30க்கு வந்தவர்கூட அந்த 30ஐ மட்டும் பார்த்து "ஒண்ணும் ஆவல" என்பார். அதேபோல் 80 அப்படியே 80ஆக இருந்தால் மருத்துவர் "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி அனுப்பவும் முடியாது. அந்த நோட்டு இரண்டு பேருக்கும் பொதுச் சாட்சி.

மூக்கு நன்றாகத் திறந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். எனக்கு அடைத்த மாதிரியே இருக்கிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். காற்று எவ்வளவு போகிறது என்பதும், போகிறது என்று நாம் உணர்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மூக்கின் உள்தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்று அந்தத் தோலைக் குளிர வைக்கும்போதுதான் "மூச்சு வருது" என்று மூளைக்குத் தெரிகிறது. விக்ஸ் தடவியதும் மூக்கு திறந்ததுபோலத் தோன்றுகிறதே, அதிலிருக்கும் மென்தால் அந்த நரம்பைத் தூண்டுவதால்தான். அளந்து பார்த்தால் காற்றின் அளவில் மாற்றம் இருக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் உள்தோல் வீங்கி, பொருக்குத் தட்டி இருக்கும்போது அந்த உணர்வு மந்தமாக இருக்கும். அது திரும்பி வரும். ஆனால் பக்கச் சதையை அளவுக்கு மீறி வெட்டி எடுத்துவிட்டால், உணர வேண்டிய தோலே போய்விடுகிறது. பாதை குகை மாதிரி அகலமாக இருக்கும், நோயாளியோ மூச்சுத் திணறுகிறது என்பார். அரிதான நிலை இது. வந்தால் துன்பம் பெரிது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே "சதையைக் குறைக்கப் போறீங்களா, எவ்வளவு?" என்று தைரியமாகக் கேளுங்கள். வேண்டிய அளவு மட்டும் சுருக்கி, மீதியைக் காப்பாற்றும் முறைகளே இன்று நல்ல வழக்கம்.

"உங்களுக்கு மனசுல பிரச்சனை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உணர்வுதான் இங்கே நோய். அதைக் கேட்காமல் துவாரத்தை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

முதல் சில வாரம் எப்படி இருக்கும்?

முன்னைவிட மோசமாக இருக்கும். முன்பே சொல்லாவிட்டால் பயந்துவிடுவீர்கள். ஆபரேஷன் துவாரத்தின் உள்வழியாகவே நடப்பதால் வெளியே தழும்பு இருக்காது. ஆனால் பஞ்சு வைத்திருந்தால் ஒன்றிரண்டு நாள் முழுக்க வாயால்தான் மூச்சு. நாக்கு வறளும், தூக்கம் வராது, கண்ணில் நீர் வரும். பஞ்சு எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் பலர் வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள். இப்போது பஞ்சே வைக்காமல் உள்ளே தையல் போட்டு முடிப்பதும், சிலிகான் தகடு வைத்து ஒரு வாரத்தில் எடுப்பதும் உண்டு. உங்களுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேல் முன்பற்கள் மரத்த மாதிரி இருப்பதும் உண்டு. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும்.

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலையணை இரண்டாக வைத்துப் படுங்கள். தண்ணீர்க் குடம், மூட்டை, குனிந்து செய்யும் களத்து வேலை எதுவும் வேண்டாம். சொன்ன நாளிலிருந்து உப்புநீரால் தவறாமல் கழுவுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான். நல்லெண்ணெய் விடுவது, நெய் விடுவது என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அவர்களுக்கு மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். குவாரியிலும் சூளையிலும் வேலை செய்கிறவர்கள் ஒரு மாதமாவது தள்ளிப்போடப் பாருங்கள். தினக்கூலிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும், அதனால்தான் வேலை குறைந்த மாதமாகப் பார்த்து ஆபரேஷன் தேதி குறிக்கச் சொல்கிறேன்.

ரத்தம் நிற்காமல் வடிந்தால், இரு பக்கமும் திடீரென அடைத்து வலி ஏறிக்கொண்டே போனால், கடும் காய்ச்சல் வந்தால், தண்ணீர் மாதிரி தெளிவாக ஒரு பக்கம் சொட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த ஓபி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

உண்மையான பலன் தெரிய மூன்று மாதம் கொடுங்கள்.

பெங்களூர் போவதா, சேலம் போவதா, இங்கேயே செய்துகொள்வதா?

ஒசூர்க்காரருக்குப் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். தருமபுரியிலிருந்து சேலம் ஏறக்குறைய 65, பெங்களூர் ஏறக்குறைய 130. ஆபரேஷன் நாளை மட்டும் யோசித்து இடம் முடிவு செய்கிறார்கள். நான் யோசிக்கச் சொல்வது அதற்கடுத்த ஒரு மாதத்தை. முதல் இரண்டு நாளிலும் ரத்தம் வரலாம், பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாளிலும் வரலாம். தகடு எடுக்க, பொருக்குச் சுத்தம் செய்ய என்று திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அந்த நடையைத் தவறவிட்டவர்களுக்குத்தான் தண்டும் பக்கச் சதையும் ஒட்டிக்கொண்டு மறுபடி அடைக்கிறது. சாதாரணத் தண்டு வளைவுக்குப் பக்கத்திலேயே செய்துகொள்வதில் குறைவு ஒன்றுமில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மூக்கின் வெளி உருவமும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது முன்பு செய்த ஆபரேஷனைத் திருத்த வேண்டும் என்றால், அதையே அடிக்கடி செய்கிறவரைத் தேடிப் போவது நியாயம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆகுமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை திட்டம் உதவுகிறது. அழகுக்காக மட்டும் செய்யும் ஆபரேஷன் அதில் வராது. உங்கள் நோய்க்கு உண்டா என்பதை ஸ்கேனும் மருத்துவர் எழுதிய சீட்டும் கொண்டுபோய் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாதவர்களுக்கும் சிகிச்சை உண்டு.

மூக்குத்தியைக் கழற்றியே ஆக வேண்டுமா?

கட்டாயம். ரத்தம் நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்தும்போது உலோகம் இருந்தால் தோல் சுடும். மயக்க மருந்து கொடுக்கும்போதும் இடைஞ்சல். கல்யாணமான பெண்கள் கழற்றத் தயங்குவதும், மாமியார் முகம் வாடுவதும் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. வாரக்கணக்கில் இறுகியிருக்கும் திருகாணியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சோப்புப் போட்டுக் கழற்றுவது யாருக்கும் நல்லதில்லை. முந்தின வாரமே ஆசாரியிடம் காட்டிக் கழற்றிக்கொள்ளுங்கள். எப்போது திரும்பப் போடலாம் என்பதை மருத்துவர் சொல்வார். துளை தூர்ந்துபோனால் பிறகு குத்திக்கொள்ளலாம்.

வண்டியில் விழுந்து மூக்கு உடைந்துவிட்டது. வீக்கம் வடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?

முதல் நாளே காட்டுங்கள். தொப்பூர் கணவாயில் விழுந்தவர்கள், எருது விடும் விழாவில் கொம்பு பட்டவர்கள், கிரிக்கெட் பந்து பட்ட பையன்கள் எல்லாரும் பெரிய காயத்தைப் பார்த்துவிட்டு மூக்கைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே தண்டின் இருபுறமும் ரத்தம் கட்டி நின்றால் அதை உடனே வடிக்க வேண்டும். விட்டால் ஓரிரு நாளிலேயே குருத்தெலும்பு ரத்த ஓட்டமில்லாமல் அழுகத் தொடங்கும். பிறகு மூக்கின் நடு முதுகு குழிந்துபோகும். குழந்தைகளுக்கு இது இன்னும் சீக்கிரம்.

ரத்தக்கட்டு இல்லை, எலும்பு மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் வீக்கம் வடிய சில நாள் விட்டு, 7 முதல் 10 நாளுக்குள் வெளியிலிருந்தே நிமிர்த்தி வைக்கலாம். அந்த நாள் தாண்டினால் எலும்பு கோணலாகவே கூடிவிடும். அதன் பிறகு பல மாதம் காத்திருந்து பெரிய ஆபரேஷன்தான். விபத்து மூக்கில் பிற்பாடு வரும் மனக்குறையில் பெரும்பங்கு இந்தப் பத்து நாளைத் தவறவிட்டதால் வருவது.

மூக்கின் உருவத்தை மாற்ற நினைக்கிறேன். பிறகு வருத்தப்படுவேனா?

உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "நடுவுல இந்த மேடு" என்று விரல் வைத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் திருப்தியோடு போகிறார்கள். "மொத்தமாவே நல்லா இல்ல" என்பவர்களிடம் நான் அவசரப்படுவதில்லை. நாளெல்லாம் கண்ணாடி முன் நின்று, வெளியே போகவே கூசி, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையில் உழல்கிறவர்களுக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் மனம் நிறையாது. அவர்களுக்கு வேண்டியது மனநல மருத்துவரின் துணை. அதைச் சொல்வது அவமானப்படுத்துவது ஆகாது.

பெண் பார்க்க வருகிறார்கள், மூக்கைச் சரிசெய்துவிடுங்கள் என்று அம்மாக்கள் மகளைக் கூட்டி வருவதுண்டு. அப்போது அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவேன். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். பிறர் ஆசைக்காக மாற்றிய மூக்கை அவள்தான் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

செல்ஃபியைக் காட்டிக் கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். முகத்துக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. மூக்கு நுனி இன்னும் உருண்டையாகவே இருக்கிறதே?

இன்னும் வீக்கம்தான். மேல் கட்டு ஒரு வாரத்தில் எடுப்பார்கள், கண்ணைச் சுற்றிய கறுப்பு இரண்டு வாரத்தில் மறையும், நுனி வீக்கம் முழுக்க வடிய ஒரு வருடம் ஆகும். நம்மில் பலருக்கு இருப்பதுபோல் தடித்த தோலாக இருந்தால் அதற்கு மேலும் ஆகலாம். ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் தாண்டும் வரை கனமான மூக்குக் கண்ணாடி மூக்கில் உட்காரக் கூடாது. தினமும் படம் எடுத்து ஒப்பிடாதீர்கள். மாதம் ஒன்று, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் போதும்.

"அப்பா ஜாடையே போயிடுச்சு" என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது?

பொதுவாகச் சில மாதத்தில் அவர்கள் கண் பழகிவிடும். ஆனால் இது ஆபரேஷனுக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய பேச்சு. எவ்வளவு மாற்றம் வேண்டும் என்று அளந்து கேட்கும்போது, குடும்ப ஜாடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். யாரோ நடிகையின் மூக்கைக் கொண்டுவந்து வைக்க முடியாது. இருக்கிற முகத்துக்குப் பொருந்த, இருக்கிற மூக்கைக் கொஞ்சம் திருத்தத்தான் முடியும்.

மூக்கு ஆபரேஷன் எல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்?

அறுபட்ட மூக்கை ஒட்டவைக்கும் முறை சுஸ்ருதரின் நூலிலேயே இருக்கிறது. நம் மண்ணின் வரலாற்றோடு தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியும் உண்டு. திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் 1792இல் ஓர் உடன்படிக்கையோடு முடிந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது அந்த உடன்படிக்கையில்தான். அதே போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே பக்கம் ஒருவர் அவருடைய நெற்றித் தோலைத் திருப்பி மடித்துப் புது மூக்கு அமைத்தார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அந்தச் செய்தி வந்தது. அதைப் பார்த்துப் பழகித்தான் 1814இல் லண்டனில் கார்பியூ என்ற மருத்துவர் அதே முறையில் ஆபரேஷன் செய்தார்.

குழந்தைக்கு இப்போதே செய்துவிடலாமா?

மூக்கு வளர்வதற்குத் தண்டின் குருத்தெலும்பும் காரணம். அதனால் பொதுவாக 16, 18 வயது வரை காத்திருப்போம். மூச்சே விட முடியாத அளவு வளைவு, ரத்தக்கட்டு, பிளவு உதடு போன்றவை விதிவிலக்கு. பிள்ளை வாயைத் திறந்தே தூங்குகிறது என்றால் முதலில் மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் செய்தும் எனக்குத் திருப்தி இல்லை. மறுபடி செய்துகொள்ளலாமா?

முதலில் அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். கோபம் இருந்தாலும் போங்கள். உள்ளே என்ன செய்தார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் விளக்கம் போதவில்லை என்றால் இன்னொருவரிடம் காட்டுவது உங்கள் உரிமை, அதில் நன்றி கெட்ட காரியம் எதுவும் இல்லை. மூச்சு சம்பந்தமான குறை என்றால் காரணத்தை மறுபடி தேட வேண்டும்: மேல்பகுதி வளைவு மிச்சமா, ஒட்டிக்கொண்டதா, தண்டில் ஓட்டை விழுந்து சீழ்க்கைச் சத்தம் வருகிறதா, வெளிச்சுவர் ஒடுங்குகிறதா, இல்லை ஒவ்வாமையை யாருமே கவனிக்கவில்லையா. இவற்றில் சிலவற்றுக்கு ஓபியிலேயே தீர்வு உண்டு, சிலவற்றுக்கு ஸ்ப்ரே போதும். உருவம் சம்பந்தமான குறை என்றால் ஒரு வருடம் முடியாமல் யாரும் கை வைக்கக் கூடாது. முன்பே செய்து தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

போகும்போது பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு, ஆபரேஷன் குறிப்பின் நகல், இப்போது விடும் மருந்துகள், அந்த ஐந்து கேள்வி எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகல் கையில் இல்லை என்றால் செய்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். நோயாளி கேட்டால் அவர்கள் தர வேண்டும்.